சும்மா கேட்டேன் என்று சொன்னவளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

உன் குரல் பதிவு வந்தது. வளைகாப்புப் புடவையின் கலர், பந்தல்காரர் கேட்ட அட்வான்ஸ், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காத கதை என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டாய்: "சித்தி, தேதிக்கு ரொம்ப முன்னாடியே வலி வந்துட்டா என்ன பண்ணணும்? சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்டாயாம்! தலைப்பிள்ளையைச் சுமக்கிறவள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சும்மா கேட்கிற கேள்வியா இது? பயந்துதான் கேட்டிருக்கிறாய். பயந்ததில் தப்பில்லை, அதை மறைக்கப் பார்த்தாயே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. புடவை விஷயத்தை உன் அம்மாவோடு பேசிக்கொள். நான் அந்தக் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவளிடம் கேட்டுவிட்டாய், பதில் நீளமாகத்தான் வரும். இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு படி.

முதலில் கணக்கைச் சரிசெய்வோம். எத்தனை மாதம் என்று கேட்டால் நீ "ஏழு முடியப்போகுது" என்கிறாய். உன் மாமியார் "எட்டு நடக்குது" என்கிறார். உன் அம்மா விரல்விட்டு வேறொன்று சொல்கிறாள். வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரி வாசலில் வாரக் கணக்குதான் செல்லும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரம், அதாவது 280 நாள். 37 வாரம் நிறையும் முன் பிறந்தால் குறைமாதம். உனக்கு இன்று 29 வாரம். வளைகாப்பு அன்று 33 முடிந்திருக்கும். "எட்டு மாசம்" என்று சொன்னால் அதில் 31 வாரக் குழந்தையும் அடங்கும், 35 வாரக் குழந்தையும் அடங்கும். முன்னதற்கு மூச்சுவிட மெஷின் தேவைப்படலாம். பின்னது பெரும்பாலும் தாயின் பக்கத்திலேயே படுத்திருக்கும். டூட்டி டாக்டர் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் இந்த எண்ணைப் பார்த்துத்தான். அதனால் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்து உன் போனிலும் மாப்பிள்ளை போனிலும் வைத்துக்கொள். தேதிக்கு அந்த ஸ்கேன்தான் நம்பகமானது. பிந்தைய ஸ்கேன்களில் தேதி கொஞ்சம் முன்பின் காட்டினால் குழம்பாதே.

"எனக்கு எதுக்கு வரப்போகுது சித்தி, பிரஷர் இல்லை, சுகர் இல்லை, ஒத்தைக் குழந்தை, டாக்டரே நார்மல்னு சொல்லிட்டாங்க" என்று நீ சொல்வது இங்கே வரை கேட்கிறது. உலகத்தில் பிறக்கிற குழந்தைகளில் பத்தில் ஒன்று குறைமாதம். 2020-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டில் 30 லட்சம். இரட்டைப் பிள்ளை, ரத்தக்கொதிப்பு, ரத்தசோகை, கர்ப்பப்பை வாய் சிறுத்துப்போவது, முன்பே ஒரு குறைமாதப் பிரசவம் என்று காரணங்கள் உண்டு. ஆனால் காரணமே பிடிபடாமல் வலி கண்டு வந்தவர்களும் ஏராளம். எல்லா ரிப்போர்ட்டும் நார்மலாக வைத்திருந்த பெண்கள்தான் அவர்களும்.

காரணத்தில் ஒன்று உன் கைக்குள் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீர்க்கடுப்பு என்றாய். சூடு என்று உன் மாமியார் பார்லித் தண்ணியும் இளநீரும் கொடுத்தார், நீயும் குடித்துவிட்டு மறந்துவிட்டாய். இளநீர் குடி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு வருகிற நீர்க்கடுப்பு பல சமயம் சிறுநீர்ப் பாதைத் தொற்று. அது வலியைச் சீக்கிரமே கிளப்பிவிடக்கூடியது. எரிச்சல் நின்றாலும் கிருமி உள்ளேயே இருக்கலாம். திங்கட்கிழமை போய் யூரின் டெஸ்ட்டும் கல்ச்சரும் கொடு. மாத்திரை எழுதினால் எத்தனை நாளுக்கு எழுதினார்களோ அத்தனை நாளும் சாப்பிடு. இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்துகிற ஆள் நீ, எனக்குத் தெரியாதா? வெள்ளைப்படுதலில் வாடையோ அரிப்போ இருந்தாலும் வெட்கப்படாமல் சொல். இரும்புச்சத்து மாத்திரையையும் ஒழுங்காக விழுங்கு.

இனி வலி. சினிமாவில் அலறுகிற வலியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதே. முன்கூட்டி வருகிற வலி சத்தமில்லாமல் வரும். இடுப்பின் பின்பக்கம் விட்டுவிட்டு மந்தமாக வலிக்கும். தூரமாவதற்கு முந்தின நாள் அடிவயிறு பிசையுமே, அப்படிப் பிசையும். குழந்தை கீழே அழுத்துவது போலிருக்கும். வெள்ளைப்படுவது திடீரென்று தண்ணீராகவோ சளியாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறும். "மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கலை போல" என்று நீ நினைப்பாய், நினைத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாய். அப்படிச் செய்யாதே. வயிற்றின் மேல் உள்ளங்கையை வை. வயிறு முழுக்க இறுகி, அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கெட்டியாக நின்று, பிறகு தளர்ந்தால் கர்ப்பப்பை சுருங்குகிறது என்று அர்த்தம். ஒன்றிரண்டு தடவை அப்படி இறுகுவது எல்லோருக்கும் உண்டு. மூத்திரம் போய்விட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, இடது பக்கம் படுத்துக் கடிகாரத்தைப் பார். அடங்கிப்போனால் பொய் வலி. ஒரு மணி நேரத்தில் நான்கைந்து தடவை இறுகினாலோ, இடைவெளி ஒரே சீராக வந்தாலோ எழுந்து கிளம்பு. இரண்டாவது மணி நேரம் பார்க்க வேண்டாம்.

பனிக்குடம் உடைந்தாலும், சொட்டு உதிரம் பட்டாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் அந்த முதல் ஒரு மணி நேரமும் கிடையாது, உடனே புறப்படு. பனிக்குடம் உடைவதென்றால் குடத்தைக் கவிழ்த்த மாதிரி கொட்டும் என்று நினைத்திருக்கிறாய். சிலருக்குக் கசிந்துகொண்டே இருக்கும், மூத்திரமா தண்ணியா என்றே தெரியாது. சுத்தமான பேடு ஒன்றை வைத்துக்கொள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, என்ன நிறம் என்று குறித்துக்கொள், மற்றதை அவர்கள் பரிசோதித்துச் சொல்லட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி கைவிட்டுப் பார்க்கிறேன் என்று வந்தால் காலைத் தொட்டுக் கும்பிட்டு அனுப்பிவிடு, உள்ளே கைபடவே கூடாது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். உனக்கு வலி என்றதும் உன் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்லட்டுமா? "சூட்டு வலியா இருக்கும்" என்பார்கள். சீரகம் வறுத்துக் கஷாயம் வைப்பார்கள். குடித்து அரை மணி நேரம் பார்ப்பார்கள். நிற்காவிட்டால் இன்னொரு டம்ளர். அப்புறம் தலைக்குக் குளித்துவிட்டுப் போகலாம் என்பார்கள். மணி பார்த்தால் ராகு காலம், அது போகட்டும் என்பார்கள். "தலைச்சன் பிள்ளை, எங்கே அவ்வளவு சீக்கிரம் வரப்போகுது, ஒரு நாள் பூரா வலிக்கும்" என்று அனுபவம் பேசும். எல்லாரும் உன்மேல் உயிரை வைத்திருக்கிறவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிறைமாதத்தில் அந்தக் கஷாயத்தால் பெரிய நஷ்டம் வராமல் போகலாம். 30, 32 வாரத்தில் அந்த நான்கைந்து மணி நேரம்தான் குழந்தையின் நுரையீரலுக்குச் சேர வேண்டிய நேரம். அது ஏன் என்று உனக்குப் புரிந்துவிட்டால், மாமியாரிடம் நீயே பேசிக்கொள்வாய்.

குழந்தையின் நுரையீரலுக்குள் குட்டிக் குட்டிக் காற்றறைகள் இருக்கின்றன. உள்ளே நனைந்த பாலிதீன் பை எப்படி ஒட்டிக்கொண்டு பிரியாமல் அடம் பிடிக்கும், பார்த்திருக்கிறாய் அல்லவா? அப்படி அந்த அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழவழப்பான ஒரு பொருளை நுரையீரல் தானே சுரக்கிறது. 34, 35 வாரம் வாக்கில்தான் அது போதுமான அளவுக்குச் சேரும். அதற்கு முன் பிறக்கிற குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் போராடும்; விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்கும், மூக்குத் துவாரம் விரியும், முனகும். 1963-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். முப்பத்து நான்கரை வாரம், எடை இரண்டு கிலோவுக்கும் மேல். இந்த மூச்சுத் திணறல்தான் அவனுக்கும். அந்த நாட்டின் பெரிய டாக்டர்களெல்லாம் சுற்றி நின்றும் 39 மணி நேரத்தில் போய்விட்டான். இன்றைக்கு நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் அதே எடையில் அதே வாரத்தில் பிறக்கிற குழந்தைகள் பிழைத்து, மொட்டை போட்டுக் காது குத்திக்கொள்கின்றன.

நடுவில் நடந்தவற்றில் பெரியது ஒரு ஊசி. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ் என்ற டாக்டர், பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க ஆடுகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றிலிருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார். அவ்வளவு சீக்கிரம் பிறந்தால் பிழைக்கவே கூடாத குட்டி ஒன்று பிறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, குழந்தை டாக்டரான ஹோவியோடு சேர்ந்து, முன்கூட்டி வலி கண்ட தாய்மார்களுக்கு அந்த ஊசியைப் போட்டுப் பார்த்து 1972-இல் வெளியிட்டார். ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் நூற்றில் 26 பேருக்கு வந்த அந்த மூச்சுத் திணறல், போட்டவர்களின் குழந்தைகளில் 9 பேருக்குத்தான் வந்தது. நம் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் போடுகிறார்கள். விலை மலிவு. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. 24 வாரத்திலிருந்து 34 வாரத்துக்குள் வலி கண்டால் இது. தாய்க்குப் போட்டால் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், நுரையீரலை அவசரமாக முதிர வைக்கும்.

ஆனால் முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும், அதுவும் குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போது. பிறந்த பிறகு அந்த வேலை நடக்காது. இதற்காகத்தான் கண்ணம்மா நான் இவ்வளவு கத்துகிறேன். வலி கண்டு சீக்கிரம் வந்து சேர்ந்தவளுக்கு ஊசியைப் போட்டு, கர்ப்பப்பையைத் தளர்த்த மாத்திரை கொடுத்து, இரண்டு நாள் இழுத்துப் பிடிக்கப் பார்ப்பார்கள். 32 வாரத்துக்குள் என்றால் குழந்தையின் மூளையைக் காக்க மெக்னீசியம் ஏற்றுவார்கள். அது ஏறும்போது உடம்பெல்லாம் கொதிக்கிற மாதிரி இருக்கும், பதறாதே. கஷாயம் குடித்துவிட்டுக் கடைசி வலியில் வந்து இறங்கினவளுக்கு இதில் எதையும் செய்ய நேரம் இருக்காது. அப்படி வந்து இறங்கினவர்களைப் பார்த்து ஆற்றாமையில் எனக்குக் கை நடுங்கியிருக்கிறது.

"போய்ப் பார்த்துட்டு, ஒண்ணுமில்லை, பொய் வலின்னு திருப்பி அனுப்பிட்டா அசிங்கமா இருக்காதா?" இருக்காது. திருப்பி அனுப்பினால் சந்தோஷமாக வீட்டுக்கு வா. மறுநாள் மறுபடி வலித்தால் மறுபடி போ. நர்ஸ் யாராவது முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும், நீ அவளுக்குச் சம்பந்தியா? ஒரு லேபர் வார்டில் வந்து திரும்பிப் போகிறவர்கள் தினமும் உண்டு, அதற்காகத்தான் அந்த வார்டு திறந்திருக்கிறது.

எங்கே போவது என்பதை இன்றைக்கே முடிவு செய். நீ பதிந்திருக்கிற நர்சிங் ஹோம் நிறைமாதத்துக்கு நல்ல இடம். 30 வாரக் குழந்தையை வைத்துக் காக்க அங்கே வசதி உண்டா என்று கேட்டாயா? வெண்டிலேட்டரும் இருபத்து நான்கு மணி நேரமும் குழந்தை டாக்டரும் இருக்கிறார்களா என்று நேராகக் கேள். இல்லை என்றால் எங்கே அனுப்புவீர்கள் என்று கேள். அனுப்பப்போகிற இடத்துக்கு நேராகப் போய்விடுவது மேல். பிறந்த பிறகு குழந்தையை ஆம்புலன்ஸில் அலைக்கழிப்பதைவிட வயிற்றோடு தாயைக் கொண்டுபோவது எவ்வளவோ பத்திரம். சென்னையில் எழும்பூரில் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது, திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா இருக்கிறது. ஊரில் இருக்கும்போது என்றால் திருநெல்வேலி, தூத்துக்குடி மருத்துவக் கல்லூரிகள். தனியாரில் குழந்தையை நாள் கணக்கில் வைத்தால் பில் எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே வேண்டாம். அரசு மருத்துவமனையில் குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சை இலவசம்.

வண்டிக்கு 108. மாப்பிள்ளை பைக்கில் கூட்டிப்போகிறேன் என்றால் விடாதே. போன் எடுத்ததும் "முதல் பிரசவம், இத்தனை வாரம், பனிக்குடம் உடைஞ்சிருக்கு" என்று இந்த வரிசையில் சொல்லச் சொல். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டியது தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், பிளட் குரூப், கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி நம்பர், ஆதார், சார்ஜர். குழந்தைக்கு முன்கூட்டியே துணி வாங்கக் கூடாது என்று உன் அம்மா சொல்வாள்; சரி, வாங்க வேண்டாம். துவைத்த பழைய வேட்டியைக் கிழித்து நான்கு துண்டு போதும்.

அடுத்து அந்த ரயில். வளைகாப்பு முடிந்து நெல்லை எக்ஸ்பிரஸில் கோவில்பட்டி போகிறாய். முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போ. லோயர் பெர்த், துணைக்கு ஆள், அட்டையும் ரிப்போர்ட்டும் கைப்பையில். பெட்டிக்குள் அடியில் போட்டு சீட்டுக்குக் கீழே தள்ளிவிடாதே. வழியில் வலித்தால் "ஊர் வந்ததும் பார்த்துக்கலாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிற ரகம் நீ. அது வேண்டாம். டி.டி.ஆரிடம் சொல், 139-க்குப் போன் செய், வருகிற பெரிய ஸ்டேஷனில் இறங்கிவிடு. விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை எல்லா இடத்திலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெட்டி படுக்கை பின்னால் வந்து சேரும்.

எங்கேயும் போய்ச் சேராமல், வீட்டிலோ வண்டியிலோ குழந்தை வந்தேவிட்டால்? துடைத்து ஈரத்தை எடுத்து, தொப்புள்கொடியை இழுக்காமல் அறுக்காமல், உன் வெறும் மார்பில் படுக்கவைத்து, தலையை மூடி, இரண்டு பேர் மேலும் துணியைப் போர்த்தச் சொல். குளிப்பாட்டவே கூடாது. குறைமாதக் குழந்தைக்குக் குளிர்தான் முதல் எதிரி. 108-ல் வருகிறவர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஊரில் ஒரு பேச்சு உண்டே, ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்று. அதை உன் காதில் யாரோ ஓதியிருக்கிறார்கள் என்பது உன் குரலிலேயே தெரிந்தது. எந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைப் புரட்டினாலும் அது பொய் என்று தெரியும். வயிற்றுக்குள் ஒரு வாரம் கூடினால் குழந்தைக்கு ஒரு வாரப் பலம் கூடும். 28-ஐவிட 30 மேல், 30-ஐவிட 33 மேல். இதில் விதிவிலக்கான மாதம் ஒன்றும் கிடையாது. எட்டாம் மாதம் பிறந்துவிட்டதே என்று கைவிட்டுப் பேசுகிறவர்களை அறைக்குள்ளேயே விடாதே.

சரி, குழந்தை வந்துவிட்டது, உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள். முதல் தடவை பார்க்கும்போது அதிர்ந்துபோவாய். தோள்பட்டையில் பூனைமயிர், தோலுக்கு அடியில் நரம்பெல்லாம் தெரியும். காது மடலில் குருத்தெலும்பு இன்னும் இறுகியிருக்காது, மடங்கினால் மடங்கியபடியே கிடக்கும். நர்ஸ் விரலால் மெதுவாக நிமிர்த்தி விடுவாள். மூக்கில் காற்றுக் குழாய், வாய் வழியாகப் பால் குழாய், பாதத்தில் சிவப்பு விளக்கு. மணி அடித்துக்கொண்டே இருக்கும். மெஷினைப் பார்க்காதே, குழந்தையைப் பார். கையை முழங்கை வரை கழுவிவிட்டு உள்ளே போய், தடவிக் கொடுக்காமல், ஒரு உள்ளங்கையைத் தலையிலும் ஒன்றைப் பாதத்திலும் அசையாமல் வை. தடவினால் அதற்குத் தாங்காது.

மருந்து டாக்டர்கள் கையில். பால் உன் கையில். முதல் நாள் "எனக்குப் பாலே இல்லை சிஸ்டர்" என்று அழாத குறைமாதத் தாயை நான் பார்த்ததில்லை. கையால் பிதுக்கிப் பிதுக்கி சிரிஞ்சில் நாலு சொட்டு மஞ்சளாக வரும். அந்த நாலு சொட்டுச் சீம்பாலைக் கொட்டிவிடாமல் கொண்டு வா என்று கெஞ்சுவோம். அந்தக் குடலுக்கு அது மருந்து. பிரசவமான சில மணி நேரத்திலேயே ஆரம்பித்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியும் எழுந்து, நாளைக்கு எட்டு தடவையாவது எடுத்தால்தான் சுரப்பு கூடும். குழந்தை உறிஞ்சாததால் உன் கைதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒன்றுசேர்த்துச் செய்யக் குழந்தைக்கு 34 வாரம் வாக்கில்தான் வரும். அதுவரை குழாய், அப்புறம் பாலாடை, அப்புறம் மார்பு. முதல் வாரம் எடை குறையும், அதற்கும் அழுவாய். குறைந்துதான் ஏறும்.

உன் பெரியப்பா சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணியோடு நிற்பார். தேன், கழுதைப்பால், உரைமருந்து என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கொண்டு வருவார்கள். நிறைமாதக் குழந்தைக்கே வேண்டாதது அது. குறைமாதக் குடலுக்கு ஒரு சொட்டுகூடக் கூடாது. "டாக்டர் திட்டுவாங்க பெரியப்பா" என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடு. உனக்குப் பால் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி உள்ள அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, கேட்டு வாங்கு.

கொஞ்சம் தேறியதும் நெஞ்சோடு கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்து வைத்தது, கங்காரு முறை. வேறு வழியில்லாமல் செய்தது, பிறகு பார்த்தால் எல்லா நாட்டிலும் குழந்தைகளைப் பிழைக்க வைத்தது. தொப்பியும் நாப்பியும் மட்டும் போட்டு, நிமிர்த்தி, உன் இரண்டு மார்புக்கும் நடுவில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் சாய்ந்திரு. நீ களைத்தால் மாப்பிள்ளை சட்டையைக் கழற்றட்டும். ஆம்பிளை இதெல்லாம் செய்வதா என்று யாராவது சிரித்தால் அவர்களை வெளியே உட்காரச் சொல்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாரும் கோட்டை விடுகிற ஒன்று கண். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால், 30 நாளுக்குள் கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும்; மிகச் சிறிய குழந்தை என்றால் அதற்கும் முன்பே. வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே ரத்தக்குழாய் தாறுமாறாக வளர்ந்தால் சில நாளிலேயே லேசர் செய்ய வேண்டியிருக்கும், தவறவிட்டால் பார்வை போய்விடும். வெயிலில் எங்கே தூக்கிப்போவது, மூன்று மாதம் ஆகட்டும் என்று வீட்டில் நிறுத்துவார்கள். நீ கேட்காதே. காது டெஸ்ட்டும் அப்படியே. தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில். தவழ்வது, உட்காருவது, பேசுவது மட்டும் எத்தனை வாரம் முன்னால் வந்ததோ அதைக் கழித்துவிட்டுப் பார். இரண்டு வயது வரை அப்படித்தான் பார்க்க வேண்டும். எதிர்வீட்டுப் பிள்ளையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏங்காதே.

ஆபீஸில் லீவு விஷயத்தையும் இப்போதே பேசு. 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து சம்பளத்தோடு 26 வாரம் உண்டு. பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், எடுக்காவிட்டால் முழுவதும் பின்னால் வரும். குறைமாதப் பிரசவத்தால் உடம்பு முடியாமல் போனால் இன்னும் ஒரு மாதம் கேட்கலாம். எச்.ஆர். பெண்ணுக்கு இது தெரியாமல் இருக்கலாம், சட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிக் கேள்.

கடைசியாக உன் அம்மாவுக்கும் மாமியாருக்கும். இந்தக் கடிதத்தை அவர்களிடம் படித்துக் காட்டு. குழந்தை முன்கூட்டி வந்துவிட்டால் "பப்பாளி சாப்பிட்டியா, ஸ்கூட்டர்ல போனியா, கிரகணத்தன்னைக்கு வெளிய நின்னியா" என்று உன்னை விசாரணை செய்யக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல். நீ மாடிப்படி ஏறியதால் வலி வரவில்லை. பச்சை உடம்போடு, மூன்று மணிக்கு ஒருமுறை பால் பிதுக்கிக்கொண்டு, வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கொடுக்க வேண்டியது சூடாக ஒரு தட்டுச் சாதமும் முதுகுக்கு ஒரு தலையணையும். விசாரணையை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை யூரின் டெஸ்ட். நர்சிங் ஹோமில் கேட்க வேண்டியதையும் அன்றைக்கே கேட்டுவிடு. என்ன சொன்னார்கள் என்று சாயங்காலம் போன் செய்; குரல் பதிவு அனுப்பினால் கேட்க மாட்டேன். புடவை எந்தக் கலர் என்றாய்? அரக்கா, மாம்பழ மஞ்சளா? அதையும் போனில் சொல்.

அன்புடன்,
உன் சித்தி